நிச்சய மோதிரத்துக்குப் பச்சைக் கல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு சின்னப் பட்டறையில் கல் பதிக்கிற வேலை செய்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் போய் இருப்பேன். மேசையிலிருந்து தெறித்து விழுந்த கல்லைத் தேடி எடுப்பது என் வேலை. இப்போது நானே மோதிரங்களை வடிவமைத்துச் செய்விக்கிறேன். கொஞ்ச வருஷமாக என்னிடம் வருகிற பிள்ளைகளில் நிறையப் பேர் “வைரம் வேண்டாம் அக்கா, பச்சைக் கல் ஒன்று பார்க்கலாமா?” என்று கேட்கிறார்கள். அதற்குப் பிறகு அவர்கள் கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். என் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பச்சைக் கல் என்றால் மரகதம்தானே?

நம் வீடுகளில் அப்படித்தான் பழக்கம். நவரத்தினம் சொல்லும்போது ‘பச்சை’ என்றாலே மரகதம். ஆனால் கடைக்காரர் தட்டில் கொட்டிக் காட்டுகிற பச்சைக் கற்களில் ஏழெட்டு இனம் இருக்கும். மரகதம், பச்சை சஃபயர், சாவொரைட், கிறிசோபெரில், அலெக்சாண்ட்ரைட், டூர்மலின், பெரிடொட், சிர்கோன் என்று பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கனிமம். உறுதியும் விலையும் பராமரிப்பும் ஒன்றுக்கொன்று தூரம். பார்வைக்கு மட்டும் சில கற்கள் அக்கா தங்கை மாதிரி இருக்கும். அதனால் “இந்தப் பச்சை எவ்வளவு?” என்று விலை கேட்பதற்கு முன்னால் “இது என்ன கல்?” என்று கேளுங்கள். பதிலைப் பற்றுச்சீட்டிலும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எதை முதலில் பார்க்க வேண்டும்: நிறத்தையா, விலையையா?

போடப் போகிற கையைப் பாருங்கள். தாலிக்கொடியை விசேஷத்துக்குப் போட்டுவிட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டுகிற வீடுகள் உண்டு. நிச்சய மோதிரம் அப்படி இல்லை. குசினியில், பஸ்ஸில், கணினிக்கு முன்னால், குழந்தையைக் குளிப்பாட்டும்போது, எப்போதும் அது விரலில் இருக்கும். கழுத்தில் கிடக்கிற கல்லை விடக் கையில் இருக்கிற கல் நூறு மடங்கு இடிபடும்.

இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று கீறல் தாங்கும் கடினம். 1812இல் மோஸ் என்ற ஜெர்மன் கனிமவியலாளர் வகுத்த அளவுகோலில் வைரம் 10, சஃபயர் 9, கிறிசோபெரில் 8.5, மரகதம் 7.5 முதல் 8 வரை, சாவொரைட்டும் டூர்மலினும் 7 முதல் 7.5 வரை, பெரிடொட் 6.5 முதல் 7 வரை. இதில் 7 என்பதுதான் கோடு. காரணம் நம் வீட்டுத் தூசிதான். தூசியில் கலந்திருக்கிற நுண்மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். அதன் கடினம் 7. கொழும்பில் காலி வீதி ஓரத்து வீட்டில் மேசையைத் துடைத்த கையிலேயே அந்த மணல் ஒட்டியிருக்கும். அதைவிட மென்மையான கல்லை அழுத்தித் துடைத்தால் ஒவ்வொரு துடைப்பும் ஒரு நுண்கீறல். சில வருஷத்தில் பளபளப்பு மங்கி, கல் களைத்துப்போன மாதிரி தெரியும்.

இரண்டாவது, அடி தாங்கும் உறுதி. கடினமான கல்லும் உடையலாம். உள்ளே வெடிப்புகள் ஓடுகிற கல் ஒரு இடியில் பிளந்துவிடும். மரகதத்தின் சிக்கல் அதுதான்.

மரகதத்தைத் தினமும் போடலாமா?

போடலாம், அதற்கு ஒரு மனசு வேண்டும். என் மாமி ஒருவரின் மோதிரத்தைச் சொல்கிறேன். நல்ல ஆழமான பச்சை, பக்கத்துக்கு ஒரு சிறு வைரம். இருபது வருஷம் பத்திரமாக வைத்திருந்தார். மகளின் கலியாணத்துக்கு முன்னால் பளிச்சென்று இருக்கட்டும் என்று ஒரு கடையில் கழுவக் கொடுத்தார். அங்கே எல்லா நகையையும் போடுகிற அதிர்வுத் தொட்டியில் அதையும் போட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது கல்லின் நடுவே வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. கல் அழுக்காகிவிட்டது என்று மாமி நினைத்தார். உண்மையில் வெடிப்புகளை நிரப்பியிருந்த எண்ணெய் வெளியேறி, அதுவரை மறைந்திருந்த வெடிப்புகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தன. மறுபடி எண்ணெய் ஏற்றி ஓரளவு சரிப்படுத்தினோம். முன்பிருந்த தெளிவு திரும்பவில்லை.

மரகதம் என்பது பெரில் என்ற கனிமம். அதற்குப் பச்சை நிறம் தருவது குரோமியமும் வனேடியமும். பூமிக்குள் அது வளர்கிற சூழலே குழப்பமானது. அதனால் உள்ளே பாசி மாதிரி, இலை நரம்பு மாதிரி கோலங்கள் இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தோட்டம் என்று அழைக்கிறார்கள். எனக்கும் அந்தக் கோலங்கள் பிடிக்கும். கொலம்பியா மரகதத்தை லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் மேற்பரப்பு வரை ஓடிவருகிற வெடிப்பு வேறு விஷயம்; அது கல்லின் பலவீனம். கல்லைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். விளிம்புக்குப் பக்கத்தில், கவ்வி அழுத்துகிற மூலையில் வெடிப்பு இருந்தால் அந்தக் கல்லை விட்டுவிடுங்கள்.

ஆசிரியை, கணக்காளர், வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் என்றால் மரகதத்தைக் கவனமாக வைத்திருக்க முடியும். வார்டில் வேலை செய்கிற டொக்டர், தாதி என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஒரு நாளில் எத்தனை தடவை கை கழுவி, ஸ்பிரிட் தேய்த்து, கையுறை மாட்டிக் கழற்றுகிறார்கள்! அந்தக் கைக்கு சஃபயர்தான் பொருத்தம்.

எண்ணெய் ஏற்றியிருந்தால் ஏமாற்று என்று அர்த்தமா?

இல்லை. சந்தையில் இருக்கிற பெரும்பாலான மரகதங்களுக்கு எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். நிறமில்லாத சீடர் எண்ணெய் பழங்கால வழக்கம், தொழிலில் எல்லோரும் ஏற்றுக்கொண்டது. எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஆய்வுகூட அறிக்கையில் ‘சிறிதளவு’, ‘மிதமானது’, ‘அதிகம்’ என்று போடுவார்கள். ஒரே மாதிரித் தெரிகிற இரண்டு கற்களுக்கு இந்த ஒரு சொல்லால் விலை பெரிய அளவில் மாறும். பச்சைச் சாயம் கலந்த எண்ணெய் மட்டும் ஏமாற்றுத்தான். ரெசின் மாதிரிப் பொருள்களால் நிரப்பியதை விற்கிறவர் சொல்லித்தான் விற்க வேண்டும்.

இலங்கை மரகதம் என்று ஒருவர் காட்டினார். வாங்கலாமா?

இலங்கையில் வியாபார அளவில் மரகதம் எடுக்கப்படுவதில்லை. நல்ல மரகதம் கொலம்பியா, சாம்பியா, பிரேசில் போன்ற இடங்களிலிருந்து இங்கே வருகிறது. இரத்தினபுரித் தோட்டத்தில் தோண்டி எடுத்த மரகதம் என்று கதை சொன்னால் கல்லைக் கீழே வைத்துவிட்டு எழும்பி வாருங்கள்.

நம் மண்ணின் பச்சைக் கல்தான் வேண்டும் என்றால்?

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு சந்தோஷம். பச்சை சஃபயர். தமிழில் சஃபயருக்கு நீலம் என்று பெயர் இருப்பதால் ‘பச்சை நீலக்கல்’ என்று சொல்ல நாக்கு கூசும், அதனால் எல்லோரும் பச்சை சஃபயர் என்றே சொல்கிறார்கள். மாணிக்கம், நீலம், புஷ்பராகம் எல்லாம் குருந்தம் என்ற ஒரே கனிமத்தின் நிறங்கள். சிவப்பாக இருந்தால் மாணிக்கம், மஞ்சளாக இருந்தால் புஷ்பராகம். அந்தக் குடும்பத்திலேயே அதிகம் கவனிக்கப்படாத பிள்ளை இந்தப் பச்சை. நிறத்துக்குக் காரணம் இரும்பு. பல கற்களை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மெல்லிய மஞ்சள் பட்டையும் நீலப் பட்டையும் அடுத்தடுத்து இருக்கும். நம் கண் இரண்டையும் கலந்து பச்சையாகப் பார்க்கிறது.

இலங்கைக் குருந்தத்தில் பொதுவாக இரும்பு குறைவு. அதனால் இங்கே எடுக்கிற பச்சை பெரும்பாலும் இளசாக, தெளிவாக இருக்கும். கடல் பச்சை, தேயிலைக் கொழுந்துப் பச்சை, சில நேரம் நீலமும் பச்சையும் சேர்ந்த மயில் கழுத்து நிறம். ஆஸ்திரேலியக் கற்கள் இதைவிட இருண்டவை. மரகதத்தின் அந்தப் பொங்கும் பச்சையை சஃபயரில் எதிர்பார்க்காதீர்கள். யாராவது அப்படி ஒன்றைக் காட்டி இயற்கைக் கல் என்றால் செயற்கையாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

கடினம் 9. கீறல் விழாது என்றே வைத்துக்கொள்ளலாம். அடியும் தாங்கும். தேங்காய் துருவுகிற கைக்கும், பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிற கைக்கும் இதுதான் என் முதல் பரிந்துரை. அதே தரத்து நீலக் கல்லை விட விலையும் பொதுவாகக் குறைவு, ஏனென்றால் எல்லோரும் நீலத்தைத்தான் தேடுகிறார்கள். சூடு காட்டிய கல்லா, காட்டாததா என்று கட்டாயம் கேளுங்கள். நிறமும் தெளிவும் கூட உலையில் சூடாக்குவது இந்தத் தொழிலில் சாதாரணம். கெவுட என்று ஒதுக்கப்பட்ட பால் நிறக் கற்கள் சூட்டில் நல்ல நீலமாக மாறுவது 1970களில் பரவலாகத் தெரியவந்தபின் அவற்றின் மதிப்பே மாறிப்போனது. சூடாக்கியது குறையில்லை, நிறமும் நிலைத்து நிற்கும். ஆனால் சூடு காட்டாத கல்லுக்கு விலை கூட. அந்தக் கூடின விலையைக் கொடுப்பதென்றால் ஆய்வுகூட அறிக்கை கையில் இருக்க வேண்டும்.

பகலில் பச்சை, இரவில் சிவப்பு என்று ஒரு கல் இருக்கிறதாமே?

அலெக்சாண்ட்ரைட். 1830களில் ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதியில் கண்டெடுத்து, பிறகு மன்னராகப் போகிற அலெக்சாண்டரின் பெயரை வைத்தார்கள். இலங்கையிலும் கிடைக்கும். பகல் வெளிச்சத்தில் பச்சை. குண்டு பல்ப் வெளிச்சத்திலும் சுடரொளியிலும் சிவப்போ ஊதாச் சிவப்போ. வெள்ளை எல்ஈடி விளக்குக்குக் கீழே இந்த மாற்றம் சரியாகத் தெரியாது. கடையில் எல்ஈடி மட்டும் இருந்தால் மெழுகுவர்த்தி ஒன்று கேளுங்கள். நிச்சயத்தன்று குத்துவிளக்குக்குப் பக்கத்தில் விரல் நீட்டும்போது மோதிரக் கல் நிறம் மாறியதைப் பார்த்து ஒரு வீட்டில் பாட்டி கையைப் பிடித்து இழுத்து மறுபடி மறுபடி பார்த்தார். அந்தக் கல் சின்னது, ஒரு கரட்டுக்கும் குறைவு. பெரிய கல்லுக்கு விலை கைக்கெட்டாது.

இதில் ஏமாறுவது மிக எளிது. நிறம் மாறுகிற செயற்கைக் குருந்தத்தை அலெக்சாண்ட்ரைட் என்று விற்கிறார்கள். அது சாம்பல் கலந்த நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாறும்; பச்சையே வராது. பச்சை வராத கல்லை இந்தப் பெயரில் வாங்காதீர்கள்.

அலெக்சாண்ட்ரைட் கிறிசோபெரில் இனம். நிறம் மாறாத சாதாரணக் கிறிசோபெரில் இலங்கையில் இதைவிட நிறையக் கிடைக்கும். எலுமிச்சை இலை மாதிரி மஞ்சள் கலந்த பச்சை. நமக்குத் தெரிந்த வைடூரியத்துக்கு உடன்பிறப்பு. கடினம் 8.5, பொதுவாக எந்தச் செய்முறையும் செய்யாமல் விற்கப்படுவது. மஞ்சள் சாயல் பிடிக்கும் என்றால் இதை ஒருமுறை விரலில் வைத்துப் பாருங்கள். பெயர் தெரியாததாலேயே பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சாவொரைட் எப்படி?

மரகதத்தின் நிறம் வேண்டும், எண்ணெய்ப் பயம் வேண்டாம் என்பவர்களுக்கு இது. கோமேதகத்தின் நெருங்கிய உறவு; இரண்டும் குரோசுலர் கார்னெட் என்ற கனிமம். 1967இல் கம்பெல் பிரிட்ஜஸ் என்ற புவியியலாளர் தான்சானியாவில் கண்டார், பிறகு கென்யாவில் சாவோ தேசியப் பூங்காப் பக்கம் கிடைத்தது. அந்தப் பெயரே கல்லுக்கும் வந்தது. எண்ணெயும் இல்லை, சூடும் இல்லை. மரகதத்தை விட மின்னும். இரண்டு கரட்டுக்கு மேல் நல்ல கல் கிடைப்பது அரிது. கடினம் 7க்குச் சற்று மேலேதான், ஆகவே விளிம்பை மூடிப் பதிக்கச் சொல்லுங்கள்.

காசு குறைவு. பெரிடொட், டூர்மலின் வாங்கினால் பிழையா?

என்ன பிழை! கடன் வாங்கி மரகதம் போடுவதை விட நல்ல டூர்மலின் போடுவதுதான் எனக்குப் பிடிக்கும். டூர்மலின் என்ற சொல்லே நம் நாட்டுச் சொல். ‘தோரமல்லி’ என்று சிங்களத்தில் கலப்புக் கற்களைச் சொல்வார்கள். ஒல்லாந்த வியாபாரிகளோடு அது ஐரோப்பாவுக்குப் போய் டூர்மலின் ஆனது. இங்கே கிடைப்பதில் ஒலிவ் பச்சையும் பழுப்புக் கலந்த பச்சையும் கூட. மஞ்சள் பச்சை டூர்மலினை முன்பு ‘சிலோன் பெரிடொட்’ என்று விற்றார்கள். பெயர்தான் பெரிடொட், கல் டூர்மலின். இன்றும் அந்தப் பெயர் காதில் விழும்.

உண்மையான பெரிடொட் அழகான வெண்ணெய் கலந்த பச்சை, ஆனால் தினசரி மோதிரத்துக்கு மென்மை. அமிலமும் ஒத்துக்கொள்ளாது. தோடாகவோ பதக்கமாகவோ செய்யுங்கள். பச்சை சிர்கோனும் அப்படித்தான். இலங்கையில் நன்றாகக் கிடைக்கும். நிறமற்ற சிர்கோனுக்கு ‘மாத்தறை வைரம்’ என்று பெயரே இருந்தது. ஆனால் அதன் பட்டை விளிம்புகள் ஒன்றோடொன்று உரசினாலே உதிரும். தாளில் சுற்றி வைத்த கற்கள் கூடத் தேயும்.

எக்கனைட் என்ற அபூர்வ இலங்கைக் கல்லை மோதிரமாக்கலாமா?

வேண்டாம். 1953இல் எஹெலியகொடவில் எக்கநாயக்க என்பவர் கண்டுபிடித்த பச்சைக் கல் அது. அவர் பெயரே கல்லுக்கும். பெருமைதான். ஆனால் அதில் தோரியம் இருக்கிறது, கதிரியக்கம் உள்ள கல். சேகரிப்பாளர்களின் பெட்டியில் இருக்க வேண்டியது, தோலை ஒட்டி வருஷக்கணக்கில் இருக்கக் கூடாது.

ஆய்வுகூடத்தில் வளர்த்த மரகதம் போலியா?

கண்ணாடி போலி. வளர்த்த மரகதம் வேதியியல்படி மரகதமேதான். வெடிப்பு குறைவாக, நிறம் சீராக, விலை வெகுவாகக் குறைந்து கிடைக்கும். இரண்டு பேருக்கும் தெரிந்து, மனசார வாங்கினால் அதில் எந்தக் குறையும் இல்லை. இயற்கைக் கல்லின் விலையில் அதை வாங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான். பெரியதாக, உள்ளே ஒரு தூசி கூட இல்லாமல், விலையும் குறைவாக ஒரு ‘இயற்கை’ மரகதம் வந்தால் அது பெரும்பாலும் வளர்த்ததாகவோ கண்ணாடியாகவோதான் இருக்கும்.

அம்மம்மாவின் மோதிரத்தில் ஒரு பச்சைக் கல் இருக்கிறது. அதையே பதிக்கலாமா?

அதைவிட நல்ல கல் உலகத்தில் இல்லை என்பேன். ஆனால் கழற்றுவதற்கு முன் பரிசோதியுங்கள். பழைய கல் என்பதாலேயே இயற்கைக் கல் என்று முடிவுகட்ட முடியாது. 1902இலேயே வெர்னொய் என்ற பிரெஞ்சுக்காரர் சுடரில் உருக்கி மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டுவிட்டார், அதற்குப் பிறகு செயற்கைக் கற்கள் எல்லா ஊருக்கும் போயின. மூடிய கூட்டில் இருக்கிற பழைய கல்லுக்குப் பின்னால் நிறத் தகடு வைத்திருப்பதும் உண்டு. கழற்றினால் நிறமே போய்விடும். என்ன கல் என்று தெரிந்துகொண்டு, அதற்குத் தகுந்த மாதிரிப் பதித்தால் போதும். செயற்கை என்று தெரியவந்தும் அதையே போட்டுக்கொண்ட பிள்ளையை எனக்குத் தெரியும். அம்மம்மா ஐம்பது வருஷம் போட்ட கல் அது.

எங்கே கொடுத்துப் பரிசோதிப்பது?

தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபைக்குக் கொழும்பில் ஆய்வுகூடம் உண்டு. தனியார் ஆய்வுகூடங்களும் இருக்கின்றன. பெரிய தொகைக் கல் என்றால் வெளிநாட்டில் பெயர் பெற்ற ஆய்வுகூட அறிக்கையோடு வருவதை வாங்குவது நல்லது. கல்லின் பெயர், எடை, அளவு, இயற்கையா செயற்கையா, என்ன செய்முறை: இவ்வளவும் அறிக்கையில் இருக்க வேண்டும். அறிக்கையில் உள்ள எடையும் மில்லிமீட்டர் அளவும் கையில் இருக்கிற கல்லோடு பொருந்துகிறதா என்று தராசில் வைத்தே பாருங்கள். முன்பணம் கொடுத்து, ‘அறிக்கை வேறு மாதிரி வந்தால் பணம் திருப்பித் தரப்படும்’ என்று எழுதி வாங்கிய பிறகு பரிசோதனைக்குக் கொடுக்கலாம். நேர்மையான வியாபாரி அதற்கு முகம் சுளிக்க மாட்டார். இரத்தினபுரித் தெருவிலோ பேருவளை சீனங்கோட்டையிலோ மலிவாக வாங்கலாம் என்று போகிறவர்கள் கல் தெரிந்த ஒருவரோடு போங்கள். அங்கே வியாபாரிகளுக்கிடையில் நடக்கிற வேகத்துக்கு நமக்கு ஈடுகொடுக்க முடியாது. தனிக் கல்லை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் அதிகார சபை வழியாகவே அனுப்ப வேண்டும்.

கடையில் கல்லை எப்படிப் பார்ப்பது?

கடை விளக்கு கல்லுக்கு மேக்கப் போடும். வாசலுக்குக் கொண்டுவந்து, நேர் வெயில் படாத நிழல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். பிறகு மஞ்சள் பல்ப் வெளிச்சத்திலும். பச்சை இரண்டிலும் ஒரே மாதிரி இருக்காது; இரண்டும் பிடித்தால்தான் வாங்க வேண்டும். கல்லின் நடு வழியாகக் கீழே இருக்கிற எழுத்து தெரிந்தால் அதற்கு ‘ஜன்னல்’ என்று பெயர். வெளிச்சம் திரும்பி வராமல் அடிப்பக்கமாக ஒழுகிவிடுகிறது. இங்கே எடை குறையக் கூடாது என்று வெட்டிய கற்களில் அடிவயிறு தடித்திருக்கும். அந்த எடைக்கும் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள், மோதிரத்தில் அது கண்ணுக்கே தெரியாது.

இன்னொன்று: கரட் என்பது எடை, ஐந்து கரட் ஒரு கிராம். சஃபயர் மரகதத்தை விட அடர்த்தி கூடியது. மரகதம் தண்ணீரைப் போல 2.7 மடங்கு, சஃபயர் 4 மடங்கு. ஆகவே ஒரு கரட் மரகதம் ஒரு கரட் சஃபயரை விடப் பெரிதாகத் தெரியும். கரட்டை ஒப்பிடாமல் மில்லிமீட்டரை ஒப்பிடுங்கள்.

வீட்டில் 22 கரட் தங்கம்தான் என்கிறார்கள். சரிதானா?

பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தங்கத்துக்குச் சொல்கிற கரட் எடையில்லை, தூய்மை. 22 கரட்டில் 91.6 வீதம் தங்கம். பவுன் கணக்குக்கும் அடகுக்கும் அதுதான் மதிப்பு. ஆனால் அது மென்மை. கல்லைப் பிடிக்கிற கவ்விகள் துணியில் மாட்டினாலே வளையும், ஒரு நாள் கல் விழுந்துவிடும். 18 கரட்டில் 75 வீதம்தான் தங்கம், பிடி உறுதி. அப்பா இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்த வளையத்தை 22இல் செய்து, கல் உட்காருகிற கூட்டை மட்டும் 18இல் செய்து ஒட்டுவார். இன்றும் கேட்டால் பத்தர்மார் செய்து தருவார்கள்.

மரகதத்துக்குச் சுற்று விளிம்பு முழுக்க மூடிய கூடுதான் நல்லது. மூலை உள்ள கல் என்றால் மூலைகளை வெட்டிய எண்கோண வடிவம் எடுங்கள். அந்த வெட்டுக்கே மரகத வெட்டு என்று பெயர் வந்தது, மூலை உடையாமல் காப்பதற்காகத்தான். நிறத்தைப் பொறுத்தவரை மஞ்சள் தங்கம் பச்சைக்கு ஒரு இதம் தரும், நம் தோல் நிறத்துக்கும் சேரும். மயில் கழுத்து நிற சஃபயர் வெள்ளைத் தங்கத்தில் எடுப்பு. மாப்பிள்ளைக்கும் மோதிரம் மாற்றுகிற முஸ்லிம் வீடுகளில் ஆணுக்குத் தங்கம் போடுவதில்லை என்பதால் அதே பச்சைக் கல்லை வெள்ளியில் பதித்துக் கேட்பார்கள். அதுவும் அழகாக வரும்.

ஜாதகம் பார்க்காமல் பச்சை போடலாமா?

மரகதம் புதனுக்கு உரியது, புதன் மிதுனத்துக்கும் கன்னிக்கும் அதிபதி என்பது நம்பிக்கை. நம்பிக்கை உள்ள வீடு என்றால் கல் வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு ஒருவர் “இது ஆகாது” என்றால் போடுகிற பிள்ளைக்கு ஒவ்வொரு தலைவலியும் மோதிரத்தால் வந்ததாகத் தோன்றும். பலனுக்காகப் போடுகிறவர்கள் கல்லின் அடி விரலில் பட வேண்டும் என்பார்கள்; அப்படியென்றால் அடி திறந்த கூடாகச் சொல்லிச் செய்யுங்கள். ஜோதிடர் வேண்டாம் என்று சொன்னது மரகதத்தை என்றால், சஃபயருக்கோ சாவொரைட்டுக்கோ அது பொருந்துமா என்று அவரிடமே கேளுங்கள். நான் அதில் வாய் வைப்பதில்லை.

“வைரம் இல்லாமல் என்ன நிச்சயம்?” என்று மாமி கேட்கிறார். என்ன சொல்வது?

1981இல் டயானாவுக்குப் போட்ட நிச்சய மோதிரத்தின் நடுக்கல் இலங்கை நீலம் என்று சொல்லுங்கள். 1953இல் ஜாக்குலின் கென்னடிக்குப் போட்டதில் வைரத்துக்குச் சமமாகப் பக்கத்தில் ஒரு மரகதம் இருந்தது. அதற்கும் மசியாவிட்டால் பச்சையின் இரண்டு பக்கமும் சின்ன வைரம் வையுங்கள். பார்க்கவும் நன்றாக இருக்கும், மாமியும் சந்தோஷப்படுவார்.

விரல் அளவை எப்போது எடுப்பது?

பின்னேரம். கொழும்பு வெக்கையில் காலையில் இருக்கிற விரல் மாலையில் கொஞ்சம் வீங்கியிருக்கும். எழுத்து (பதிவுத் திருமணம்) முடிந்து கனடாவுக்கோ லண்டனுக்கோ போகப் போகிற பிள்ளை என்றால் இன்னும் கவனம். அங்கே குளிருக்கு விரல் சுருங்கி, இங்கே கச்சிதமாக இருந்த மோதிரம் அங்கே கையுறையோடு கழன்று வரும். உள்பக்கம் இரண்டு சிறு மணி வைத்தால் பிடித்து நிற்கும். பிறகு அளவு மாற்றுவதென்றால் கல்லைக் கழற்றிவிட்டுத்தான் நெருப்புக் காட்ட வேண்டும் என்று பத்தரிடம் சொல்லுங்கள். மரகதமோ பெரிடொட்டோ அந்தச் சூட்டைத் தாங்காது.

எப்படிக் கழுவுவது?

சஃபயர், கிறிசோபெரில் என்றால் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம், பழைய பிரஷ். மரகதத்தை ஈரத் துணியால் மெல்லத் துடைத்தால் போதும். அதிர்வுத் தொட்டியும் ஆவியும் கூடவே கூடாது. எந்தக் கல்லானாலும் வருஷத்துக்கு ஒரு தடவை கவ்விகளைப் பார்க்கக் கொடுங்கள். காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டும்போது டிக் டிக் என்று கேட்டால் அன்றே கழற்றி வையுங்கள்.

எவ்வளவு நாள் முன்னால் சொல்ல வேண்டும்?

கல் தேட ஒரு மாதம், பரிசோதிக்க, செய்ய இன்னொரு மாதம். ஆடியில் நம் ஆட்கள் நிச்சயம் வைப்பதில்லை, அதனால் பட்டறைகளில் கை ஓய்வாக இருக்கும். ஆடி வேலுக்குத் தேர் பார்க்க செட்டியார் தெருவுக்கு வருகிறபோதே கல்லைக் கொடுத்துவிட்டால் ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் மோதிரம் கைக்கு வந்துவிடும். தையில் கலியாணம் வைத்துக்கொண்டு மார்கழிக் கடைசியில் ஓடி வருகிறவர்களுக்குத்தான் கிடைத்த கல்லைப் பதிக்க வேண்டி வருகிறது.